நிலத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி: மனை மேம்பாட்டாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வளாகம் கட்டத் திட்டமிடும்போது மழைநீரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. வரைபடம் முடிந்து, கார் நிறுத்த இடம் ஒதுக்கி, விற்பனைப் பரப்பையும் கூட்டிப் பார்த்த பிறகு, "தண்ணீர் எங்கே போகும்?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நிலத்தடித் தொட்டி ஒரு நல்ல பதில். எல்லா மனைக்கும் அதுவே பதில் என்று சொல்ல மாட்டேன். எங்கே கூடாது என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன். கணக்குகளுக்கெல்லாம் ஒரே மனையை எடுத்துக்கொள்வோம்: ஒரு ஹெக்டேர், அதாவது 10,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர்.

இந்த அமைப்பில் என்னென்ன இருக்கும்?

கூரை, உள்சாலை, கார் நிறுத்துமிடம் இவற்றில் விழும் மழையைக் குழாய்கள் திரட்டிக் கொண்டுவரும். முதலில் அது வண்டல் பிடிக்கும் அறைக்குள் இறங்கும். அங்கே மண்ணும் குப்பையும் தங்கிவிட, நீர் தேக்கத் தொட்டிக்குப் போகும். தொட்டியின் வெளிவாயில், ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு துளை இருக்கும். தொட்டி கொள்ளாத அளவுக்குப் பெய்தால் உபரிநீர் வெளியேறத் தனி வழி உண்டு. இவ்வளவுதான். கழிவுநீருக்கும் இதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்தால் பெருமழையில் கழிவுநீர் வீட்டுக்குள் எதிர்த்து வரும்.

இணையத்தில் சுற்றிவரும் ஒரு படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம்: டோக்கியோவுக்கு வடக்கே கசுகாபேயில், 177 மீட்டர் நீளமும் 59 தூண்களும் கொண்ட, கோயில் மண்டபம் போன்ற நிலத்தடி நீர்க்கூடம். 2006இல் முழுமையாகச் செயல்பாட்டுக்கு வந்த அது, ஆறுகளின் வெள்ளத்தைத் திருப்பிவிடும் அரசுப் பணி. இங்கே பேசுவது கார் நிறுத்துமிடத்தின் கீழே ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில் அடங்கிவிடும் சமாச்சாரம்.

காலி மனையாக இருந்தபோதும் இதே மழைதானே பெய்தது? கட்டடம் வந்தால் என்ன மாறிவிடுகிறது?

பெய்யும் மழை மாறவில்லை. மண் குடிக்கும் பங்கு போய்விடுகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். புல்லும் புதரும் மூடிய நிலத்தில் விழுவதில் கால் பங்கு வழிந்தோடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கூரையும் தாரும் காங்கிரீட்டும் போட்டபின் அது 85 சதவீதத்துக்கு ஏறிவிடும்.

மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் மழை பெய்கிறது என்று கொள்வோம். பொறியாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பயன்படுத்திவரும் எளிய சூத்திரம் ஒன்று உண்டு: வழிந்தோடும் பங்கு, மழையின் வேகம், பரப்பு மூன்றையும் பெருக்க வேண்டும். அதன்படி நம் ஒரு ஹெக்டேர் மனை, காலியாக இருந்தபோது நொடிக்கு சுமார் 42 லிட்டரை வெளியே அனுப்பியது. கட்டியபின் 142 லிட்டர். மூன்று மடங்குக்கும் மேல். உண்மையில் இதைவிட மோசமாகவே இருக்கும். புல்வெளியில் தயங்கித் தயங்கி நகர்ந்த நீர் இப்போது வழவழப்பான குழாயில் பாய்ந்து சில நிமிடங்களில் வாசலுக்கு வந்துவிடுகிறது. மழையின் உச்ச வேகம் குறுகிய நேரமே நீடிக்கும். அந்த உச்சம் முழுவதும் இப்போது ஒரே நேரத்தில் வெளியேறும்.

வெளியே இருக்கும் பொது வடிகால் பழைய 42 லிட்டரை நினைத்துக் கட்டப்பட்டது. மிச்சம் 100 லிட்டர் தெருவுக்கோ, தாழ்வான பக்கத்து மனைக்கோ போகும். புதிதாகக் கட்டியவரைப் பார்த்துத்தான் ஊர் விரல் நீட்டும்.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

மேலே சொன்ன மழை ஒரு மணி நேரம் பெய்தால் கட்டிய மனையிலிருந்து வழியும் நீர் 510 கன மீட்டர். அதே ஒரு மணி நேரத்தில், பழைய அளவான நொடிக்கு 42 லிட்டர் வீதம் வெளியே விட்டால் சுமார் 150 கன மீட்டர் போய்விடும். மிச்சம் 360 கன மீட்டரை எங்காவது நிறுத்தி வைக்க வேண்டும். அதாவது 3 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர்.

இது ஆரம்பக் கணக்கு மட்டும். சரியான வடிவமைப்பில் 15 நிமிட மழை, அரை மணி மழை, மூன்று மணி மழை, நாள் முழுதும் பெய்யும் மழை என்று ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, எதற்கு அதிகக் கொள்ளளவு தேவைப்படுகிறதோ அதை எடுப்பார்கள். உங்கள் பொறியாளர் ஒரே ஒரு மழையை வைத்துக் கணக்கை முடித்திருந்தால், மற்ற மழைகளுக்கும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மனை மேம்பாட்டாளருக்கு இதில் நேரடி ஆதாயம் என்ன?

நிலம். மற்ற ஆதாயங்களெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அதே 360 கன மீட்டருக்குத் திறந்த குட்டை வெட்டிப் பாருங்கள். ஒரு மீட்டர் நீராழம், சரிவு சரியாமல் இருக்க நான்குக்கு ஒன்று என்ற சாய்வு, நீர் ததும்பாமல் இருக்க மேலே 30 செ.மீ. விடுப்பு, சுற்றிலும் வேலியும் துப்புரவு வண்டி போக 3 மீட்டர் பாதையும். இவற்றைக் கூட்டினால் ஏறக்குறைய 31 மீட்டருக்கு 31 மீட்டர் சதுரம் போய்விடும்: 975 சதுர மீட்டர், மனையில் பத்தில் ஒரு பங்கு. அந்த இடத்தில் எதையும் கட்ட முடியாது, எதையும் நிறுத்த முடியாது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வளாகமென்றால் வேலியோடு கவலையும் சேர்ந்துவரும்.

நிலத்துக்கு அடியில் போனால், பிளாஸ்டிக் கூடைகளை அடுக்கிச் செய்யும் 1.2 மீட்டர் உயரத் தொட்டிக்கு (விளக்கம் கீழே) 316 சதுர மீட்டர் போதும். அதன் மேலேயே பத்துப் பன்னிரண்டு கார்களை, அவை திரும்பும் பாதையோடு சேர்த்து நிறுத்தலாம். அல்லது விளையாட்டுத் திடலாக விடலாம். நிலம் இரண்டு வேலை பார்க்கிறது. மனை சிறியதாக, விலை உயர்ந்ததாக இருக்கும் இடங்களில் இந்த ஒரு காரணமே போதும். புறநகரில், நிலம் தாராளமாகக் கிடக்கும் இடத்தில், இதே வாதம் பலமிழந்துவிடும்.

மனையின் உருவமும் இதில் உதவும். குட்டைக்குச் சதுரமோ வட்டமோ வேண்டும். குழாயையோ கூடையையோ எல் வடிவிலும் அடுக்கலாம், உள்சாலையோடு நீளவாக்கிலும் பதிக்கலாம், இரண்டு துண்டாகப் பிரித்து இணைக்கவும் செய்யலாம்.

அனுமதி வாங்குவது எளிதாகுமா?

பல நாடுகளில் அது எளிதாக்கும் வழி என்பதைவிட, தேவையான நிபந்தனையாகவே ஆகிவிட்டது. சிங்கப்பூரில் 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் புதிதாகக் கட்டுபவர்கள், பொது வடிகாலுக்குப் போகும் உச்ச ஓட்டத்தைத் தங்கள் மனைக்குள்ளேயே கட்டுப்படுத்த வேண்டும் என்ற விதி 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டுச் சட்டமொன்று, 5,000 சதுர அடிக்கு மேற்பட்ட கூட்டாட்சி அரசுக் கட்டடத் திட்டங்கள், கட்டுவதற்கு முன் இருந்த நீரோட்ட நிலையை இயன்றவரை காக்க வேண்டும் என்கிறது. சொல்லும் விதம் ஊருக்கு ஊர் மாறினாலும் கேட்பது ஒன்றுதான்: வெளியே போகும் நீர் முன்பிருந்ததைவிடக் கூடக் கூடாது.

உங்கள் பகுதி அதிகாரிகளிடம் முதலில் வாங்க வேண்டியது ஓர் எண்: நொடிக்கு எத்தனை லிட்டர் வெளியே விடலாம்? அது கையில் இல்லாமல் தொட்டியின் அளவைப் பேசுவது வீண்.

எந்தப் பொருளில் கட்டுவது நல்லது?

நான்கு பிரிவாகப் பார்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

கரடுமுரடான ஜல்லி நிரப்பிய பள்ளம்தான் மிகப் பழையது, எளியது. கற்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் 35 முதல் 40 சதவீதம். அதனால் நம் 360 கன மீட்டருக்கு 1.2 மீட்டர் ஆழத்தில் குறைந்தது 750 சதுர மீட்டர் தோண்ட வேண்டியிருக்கும். வண்டல் உள்ளே போனால் கழுவி எடுக்க வழியே இல்லை. சிறிய மனைகளுக்கு, கூரை நீருக்கு மட்டும், நான் ஏற்பேன். பெரிய வளாகத்துக்கு மாட்டேன்.

பிளாஸ்டிக் கூடைகள் அடுத்து. பால் கூடையைப் போன்ற சட்டங்களை அடுக்கி, நீர் தேக்க வேண்டுமானால் நீர்புகாத் தாளாலும், மண்ணில் இறக்க வேண்டுமானால் நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியாலும் சுற்றுவார்கள். வெற்றிடம் 95 சதவீதம் வரை கிடைக்கும். கையால் தூக்கி அடுக்கலாம், வேலை சீக்கிரம் முடியும். இரண்டு விஷயங்களில் உஷாராக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தொடர்ந்து சுமை தாங்கினால் மெல்ல மெல்லத் தளரும். இன்று தாங்குவதை 50 ஆண்டு கழித்தும் தாங்குமா என்பதற்கு உற்பத்தியாளர் நீண்டகாலச் சோதனை அறிக்கை தர வேண்டும். அடுத்தது, கூடைகளுக்குள் ஆய்வுக் கேமராவும் நீர்ப்பீச்சும் போகும்படி கால்வாய்ப் பாதை உள்ள வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மூன்றாவது, வளைவறைகளும் பெரிய விட்டக் குழாய்களும். அடிப்பக்கம் திறந்த வளைவுகளைச் சுற்றிலும் ஜல்லி நிரப்பிப் பதிப்பது ஒரு முறை, எச்.டி.பி.இ. என்ற கெட்டி பிளாஸ்டிக் அல்லது நெளிவுள்ள எஃகுக் குழாய்களை வரிசையாக இணைப்பது இன்னொரு முறை. வளைவு சுமையைப் பக்கவாட்டு ஜல்லிக்குத் தள்ளிவிடும், ஆகவே பலம் பாதி ஜல்லியில்தான் இருக்கிறது. அதைச் சரியாக இறுக்காவிட்டால் தரை கீழிறங்கும். பெரிய குழாயென்றால் ஆள் இறங்கித் துப்புரவு செய்யலாம். அங்கே ஒரு எச்சரிக்கை: மூடிய தொட்டிக்குள் விஷவாயுச் சோதனை, காற்றோட்டம், மேலே காவலாள் இல்லாமல் யாரையும் இறக்கவே கூடாது.

காங்கிரீட் தொட்டி கனமானது, நேரம் பிடிப்பது. ஆனால் மண்மூட்டம் இல்லாமலே அதன் கூரையில் வண்டி ஓடுமாறு வடிவமைக்கலாம், பேஸ்மென்ட் சுவரோடு ஒட்டியும் கட்டலாம். உயரமான கட்டடங்களுக்கு அநேகமாக இதில்தான் வந்து நிற்பீர்கள்.

வெளிவாய்த் துளை என்கிறீர்களே, அது அவ்வளவு முக்கியமா?

மொத்த அமைப்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நம் மனைக்கு 1.2 மீட்டர் நீருயரத்தில் நொடிக்கு 42 லிட்டர் விடும் துளையின் விட்டம் ஏறத்தாழ 135 மில்லிமீட்டர். ஒரு ஹெக்டேரின் பெருமழையைக் கட்டி ஆள்வது ஒரு சாண்கூட இல்லாத ஓட்டை! அதன் விட்டத்தை இரட்டித்தால் ஓட்டம் நான்கு மடங்காகும். தொட்டி பாதி காலியாகக் கிடக்க, தெரு நிரம்பும். குப்பை அடைத்தால் நேர்மாறு. ஆகவே துளைக்கு முன் கம்பிவலை வேண்டும், மேலிருந்து எளிதில் எட்டும் மேன்ஹோல் வேண்டும். "தண்ணீர் மெதுவாகப் போகிறதே" என்று யாரோ ஒரு பிளம்பர் ஆர்வத்தில் துளையைப் பெரிதாக்கிவிடாமல், துளைத்தட்டில் அதன் பயனையும் விட்டத்தையும் பொறித்து வைப்பது நல்லது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சாதாரணத் துளை முழு வேகத்தில் ஓடுவது தொட்டி நிறைந்திருக்கும்போது மட்டும்தான். மழையின் தொடக்கத்தில், நீருயரம் குறைவாக இருக்கையில், அனுமதித்த 42 லிட்டரைக்கூட அது விடாது. அதனால் தொட்டி சீக்கிரம் நிறையும். நான் மேலே போட்ட 360 கன மீட்டர் சற்றுக் கூட வேண்டியிருக்கும். இதைச் சமாளிக்க, உள்ளே நீரைச் சுழலவைத்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுழல் வால்வுகள் வந்திருக்கின்றன. குறைந்த நீருயரத்திலேயே அவை அனுமதித்த அளவை எட்டிவிடும். அவற்றின் வாய் அகலமானது, அடைப்பும் குறைவு. நகரும் பாகம் எதுவும் கிடையாது. தொட்டியின் அளவில் மிச்சமாவதைப் பார்த்தால், பெரிய திட்டங்களில் வால்வின் கூடுதல் செலவு பெரும்பாலும் ஈடாகிவிடும்.

தேக்கி வெளியே விடுவதா, மண்ணுக்குள் இறக்குவதா?

மண்ணைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய முடியும். தொட்டி வரப்போகும் அதே இடத்தில், அதே ஆழத்தில் குழி தோண்டி, நீர் ஊற்றி, அது இறங்கும் வேகத்தை அளக்க வேண்டும். மனையின் இன்னொரு மூலையில் எடுத்த சோதனை செல்லாது. 20 மீட்டருக்குள் மணல் களிமண்ணாக மாறுவது சாதாரணம்.

நம் 316 சதுர மீட்டர் தொட்டியின் அடி முழுவதும் மணிக்கு 15 மி.மீ. வேகத்தில் நீரை உறிஞ்சினால், 360 கன மீட்டர் வடிய 76 மணி நேரம் ஆகும். மூன்று நாளுக்கும் மேல். அதற்குள் அடுத்த மழை வந்துவிடலாம். 50 மி.மீ. என்றால் ஒரு நாளுக்குள் வடிந்துவிடும். அளந்த வேகத்தை அப்படியே நம்பாதீர்கள். வண்டல் படிந்து அது காலப்போக்கில் குறையும், எனவே பாதிக்கு மேல் கணக்கில் எடுக்காமல் இருப்பதே நிதானம். 72 மணி நேரத்தில் வடிய வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு.

மண் ஒத்துழைத்தால் மண்ணுக்கே என் ஓட்டு. நிலத்தடி நீர் ஊறும், வெளிவடிகாலின் சுமை குறையும், சிறு மழைகளில் ஒரு சொட்டுகூட வெளியே போகாது. ஆனால் சில இடங்களில் கண்டிப்பாகக் கூடாது. நிலத்தடி நீர்மட்டம் தொட்டியின் அடிக்கு ஒரு மீட்டருக்குள் ஏறிவரும் இடம். கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு மிக அருகே, குறிப்பாக 5 மீட்டருக்குள். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும் களிமண். செங்குத்துச் சரிவின் மேல்பக்கம். முன்பு தொழிற்சாலையோ பெட்ரோல் பங்கோ இருந்து ரசாயனம் ஊறிய நிலம். கடைசியில் சொன்னதில் நல்ல நீரை இறக்கினாலும், மண்ணிலிருக்கும் நஞ்சை அது கீழே தள்ளிக்கொண்டு போகும்.

இதே தொட்டி நீரைத் தோட்டத்துக்குப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் இரண்டு நோக்கங்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை. சேமிப்புத் தொட்டி எப்போதும் நிறைந்திருக்க விரும்பும். வெள்ளத்தைத் தாங்கும் தொட்டி அடுத்த மழைக்கு முன் காலியாக இருந்தாக வேண்டும். "360 கன மீட்டர் கட்டியிருக்கிறோம், மழைநீர் சேமிப்பும் அதுதான், வெள்ளத் தடுப்பும் அதுதான்" என்று விளம்பரம் செய்தால் அதில் ஒன்று பொய்.

நேர்மையான வழி, வெளிவாய்த் துளையைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி வைப்பது. துளைக்குக் கீழே நிற்பது சேமிப்பு, மேலே இருப்பது வெள்ளத்துக்கான இடம். 100 கன மீட்டர் தோட்டத்துக்கு வேண்டுமென்றால் மொத்தம் 460 கட்டுங்கள். கூரை நீரை மட்டும் தனியாகச் சேமித்து, கார் நிறுத்துமிடத்து நீரை வெள்ளத் தொட்டிக்கு அனுப்பினால் இன்னும் சுத்தம். எண்ணெயும் டயர் தூளும் செடிக்குப் போகாது.

கொசு வராதா?

வடிந்து காய்ந்தால் வராது. முட்டை கொசுவாக மாற வெப்பமான பருவத்தில் ஒரு வாரம் அல்லது சற்றுக் கூடுதல் ஆகும். நம் தொட்டி சரியான துளையோடு இருந்தால் மழை நின்று ஐந்து மணி நேரத்தில் காலியாகிவிடும். தொந்தரவு தொட்டியில் இல்லை, வண்டல் அறையில் இருக்கிறது: அதன் அடியில் நீர் எப்போதும் நிற்கும். இறுக்கமான மூடியும், காற்றுக்குழாயின் வாயில் கொசுவலையும் போடுங்கள்.

மேலே லாரி ஓடலாமா? மரம் நடலாமா?

லாரி ஓடலாம், முன்கூட்டியே சொல்லியிருந்தால். பிளாஸ்டிக் வகைகளுக்கு வண்டி போகும் இடத்தில் குறைந்தது 45 முதல் 60 செ.மீ. இறுக்கிய மண்மூட்டம் கேட்பார்கள், சரியான அளவு உற்பத்தியாளரின் தகவல்தாளில் இருக்கும். பலர் மறப்பது தீயணைப்பு வண்டியை. அது வெறுமனே ஓடிப் போவதில்லை. ஏணியை உயர்த்தும்போது பக்கவாட்டுக் கால்களை ஊன்றும். அந்தக் காலடியில் மொத்தச் சுமையும் ஒரு சிறு பலகையில் இறங்கும். கட்டடத்தின் தீயணைப்புப் பாதை தொட்டியின் மேல் வருமானால், இதைக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மரம் வேண்டாம். புல்லும் ஆழமில்லாத வேர்ச்செடிகளும் போதும். வேர் தண்ணீரைத் தேடிவந்து துணியையும் தாளையும் கிழித்துவிடும்.

காலித் தொட்டி மண்ணிலிருந்து மிதந்து எழும்பும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், கேட்கச் சிரிப்பாக இருந்தாலும். நீர்புகாத் தாள் சுற்றிய நம் தொட்டியின் கன அளவு 316 சதுர மீட்டர் பெருக்கல் 1.2 மீட்டர்: 379 கன மீட்டர். சுற்றியுள்ள மண்ணில் நிலத்தடி நீர் தொட்டியின் உச்சி வரை ஏறினால், அது தொட்டியை மேல்நோக்கித் தள்ளும் விசை 379 டன். மேலே 60 செ.மீ. மண்மூட்டம் இருந்தால் அதன் எடை சுமார் 340 டன். கூடைகளின் எடை சொற்பம். தள்ளும் விசையே ஜெயிக்கிறது. நீர்மட்டம் இன்னும் மேலே ஏறினால், நனைந்த மண்ணின் எடையும் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

தீர்வுகள் உண்டு: மூட்டத்தை உயர்த்தலாம், தொட்டியைத் தட்டையாக்கிப் பரப்பைக் கூட்டலாம், சுற்றிலும் வடிகுழாய் போட்டு நீர்மட்டத்தை இறக்கலாம், காங்கிரீட்டுக்கு மாறலாம். ஆனால் மண் ஆய்வை வறண்ட பருவத்தில் மட்டும் செய்துவிட்டு "நீர்மட்டம் 6 மீட்டரில்" என்று எழுதிக்கொண்டால் இந்தக் கணக்கே யாருக்கும் தோன்றாது. மழைக்காலத்து உச்ச மட்டம்தான் வேண்டும்.

பம்பு வைக்க வேண்டுமா?

தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். மின்சாரம் போவதும் பெருமழை கொட்டுவதும் ஒரே இரவில் நடக்கும். புவியீர்ப்பு விசைக்கு ஜெனரேட்டர் தேவையில்லை. பேஸ்மென்ட் காரணமாக வேறு வழியே இல்லையென்றால், இரண்டு பம்புகள், தனி மின்வழி, நீருயர்வு அபாயமணி மூன்றும் சேர்ந்தே வர வேண்டும்.

பராமரிப்பு என்ன? அது யார் பொறுப்பு?

இந்த அமைப்பின் பலவீனம் முழுவதும் இந்தக் கேள்வியில் இருக்கிறது. திறந்த குட்டையில் குப்பை சேர்ந்தால் எல்லோர் கண்ணிலும் படும், யாராவது புகார் செய்வார்கள். நிலத்துக்கு அடியில் இருப்பதற்குப் புகார் செய்ய ஆளில்லை. தொட்டியில் கால் பங்கு வண்டல் சேர்ந்திருப்பது, ஒரு பெருமழையில் கார் நிறுத்துமிடம் முழங்கால் அளவு நீரில் நிற்கும்போதுதான் தெரியவரும்.

செய்ய வேண்டிய வேலை பெரிதல்ல. கட்டி முடித்த முதல் ஆண்டில், மண் அதிகம் வருமாதலால், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வண்டல் அறையைத் திறந்து பார்க்க வேண்டும். பிறகு ஆண்டுக்கு இரு முறை, அதில் ஒன்று மழைக்காலம் தொடங்குமுன். துளையையும் கம்பிவலையையும் அதே நாளில் பார்த்துவிடலாம். ஓர் அளவுகோலை வண்டல் அறைக்குள் இறக்கி, சேற்றின் ஆழத்தைக் குறித்து வைத்தால் போதும். இரண்டு மூன்று ஆண்டுப் பதிவுகளைப் பார்த்தால், உறிஞ்சும் வண்டியை எப்போது கூப்பிட வேண்டும் என்பது தானாகத் தெரியும். தொட்டிக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது சில ஆண்டுக்கு ஒரு முறை.

பொறுப்பு யாருடையது என்பதே சிக்கல். கட்டியவர் விற்றுவிட்டுப் போய்விடுவார். குடியிருப்போர் சங்கத்துக்குத் தங்கள் காலடியில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பிறகொரு நாள் மேன்ஹோல் மூடி அசிங்கமாக இருக்கிறதென்று அதன் மேல் டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். விற்பனைப் பத்திரத்தில் ஒரு பத்தி, சங்கத்தின் கைக்கு ஒரு வரைபடம், பராமரிப்புக் கட்டணத்தில் இதற்கென ஒரு வரி: மூன்றையும் கட்டுபவரே செய்து தர வேண்டும். நல்ல பெயரும் மிஞ்சும், வழக்கும் குறையும்.

இதைக் கட்டிவிட்டால் வளாகத்தில் வெள்ளமே வராது என்று விற்பனையில் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். எந்தத் தொட்டியும் ஓர் அளவு மழைக்குத்தான். பத்தாண்டுக்கு ஒரு முறை வரும் மழை என்றால், ஒவ்வோர் ஆண்டும் அது வர 10 சதவீத வாய்ப்பு உண்டு என்றே பொருள். 30 ஆண்டில் ஒரு தடவையாவது வருவதற்கான வாய்ப்பு 96 சதவீதத்தைத் தொடும். நூறாண்டு மழைகூட 30 ஆண்டு வீட்டுக்கடன் முடியுமுன் வந்துவிட 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, தொட்டி நிறைந்தபின் நீர் எந்த வழியாகப் போகும் என்பது. உள்சாலையின் சாய்வை அதற்கேற்ப அமைத்து, உபரிநீர் வீட்டு வாசல்களையும் மின்மாற்றியையும் பேஸ்மென்ட் சரிவுப்பாதையையும் தொடாமல் வெளியேறும்படி செய்துவிட்டால், தொட்டி தோற்கும் நாளிலும் சேதம் சிறிதாக இருக்கும். இதற்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, தரைமட்டங்களை முதலிலேயே யோசித்திருந்தால்.

செலவு அதிகம்தானே? எப்போது இதை விட்டுவிடலாம்?

திறந்த குட்டையோடு ஒப்பிட்டால் கட்டும் செலவு அதிகம்தான். மிச்சமாகும் நிலத்தின் மதிப்பை எதிரே வைத்துப் பார்க்காமல் ஒப்பிடுவது அர்த்தமற்றது. 975 சதுர மீட்டர் நிலம் உங்கள் இடத்தில் என்ன பெறும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் தொட்டியின் விலைப்புள்ளிக்கு அருகில் எழுதுங்கள், பதில் பெரும்பாலும் அதிலேயே கிடைக்கும்.

விட்டுவிட வேண்டிய இடங்கள்: தோண்டினால் சில அடியில் கடும்பாறை, பொது வடிகாலின் அடிமட்டம் தொட்டியின் அடியைவிட உயரத்தில் இருந்து, பம்பு இல்லாமல் வடியவே முடியாத நிலை, நிலம் மலிவாகக் கிடக்கும் பெரிய மனை. கடைசியில் சொன்னதில் மரமும் புல்லும் சூழ்ந்த ஆழமற்ற நீர்த்தாழ்வு ஒன்று குறைந்த செலவில் அதே வேலையைச் செய்யும், பார்க்கவும் அழகாக இருக்கும். இரண்டையும் கலக்கலாம்: தினசரிச் சிறு மழைக்கு மேலே பசுமைத் தாழ்வு, பெருமழைக்குக் கீழே தொட்டி. என் கண்ணில் பல மனைகளுக்கு இந்தக் கலவைதான் சரியான விடை.

கட்டுமான நேரத்தில் எது கெடுக்கும்?

சேறு. தொட்டியை முதலிலேயே பதித்துவிட்டு, கட்டட வேலை நடக்கும் ஒன்றிரண்டு ஆண்டு தளத்தின் கலங்கல் நீரெல்லாம் அதற்குள் போகும்படி விட்டால், திறப்பு விழா நாளில் அது பாதி பழுதாகியிருக்கும். மண்ணில் இறக்கும் வகையென்றால் அடித்தரை அடைத்துப் போய் அமைப்பே வீண். நுழைவாய்க் குழாய்களைத் தற்காலிகமாக அடைத்து வைத்து, தரையெல்லாம் போட்டு முடிந்த பிறகே திறக்க வேண்டும். அதற்கு அடுத்தது, மூட்டம் முழுதாகப் போடாத நிலையில் கிரேனோ காங்கிரீட் லாரியோ மேலே ஏறுவது. கயிறு கட்டி எல்லை குறித்துவிடுங்கள்.

ஒப்பந்ததாரரிடமிருந்து கடைசித் தொகை கொடுக்குமுன் என்ன வாங்கிக்கொள்ள வேண்டும்?

மூடிய பிறகு எதையும் பார்க்க முடியாதாகையால், மூடுமுன் எடுத்த படங்கள். தொட்டி, குழாய், மேன்ஹோல் இவற்றின் உண்மையான மட்டங்கள் குறித்த, கட்டியபடியான வரைபடம். நீர்புகாத் தாளின் இணைப்புகளுக்குச் செய்த கசிவுச் சோதனை அறிக்கை. பொருளின் நீண்டகாலப் பலச் சான்று. துளையின் அல்லது வால்வின் அளவுத்தாள். இவற்றோடு ஒரு சோதனையும் செய்யுங்கள். தண்ணீர் லாரியை வரவழைத்து, தொட்டியில் அளந்த உயரம் வரை நிரப்பி, வடிய எடுக்கும் நேரத்தைப் பொறியாளரின் கணக்கோடு ஒப்பிட வேண்டும். நேரம் கணக்கைவிட மிகக் குறைவாக இருந்தால் துளை பெரிது அல்லது எங்கோ கசிவு. மிக அதிகமானால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும், தார் போடுமுன் தெரிந்தால் அரை நாள் வேலையில் சரிசெய்துவிடலாம்.